ஒட்டுவதும் ஏவுவதும்: கருமூளையில் பீட்டா-கேட்டனின்

கருவில் மூளை உருவாகும்போது, செல்கள் ஒன்றையொன்று விடாமல் பற்றி நின்று திசுவின் வடிவத்தைக் காக்க வேண்டும். எதுவரை பிரிந்து பெருகுவது, எப்போது நரம்புச் செல்லாக மாறுவது என்பதும் அதே செல்களுக்குள் முடிவாக வேண்டும். இவ்விரண்டிலும் பங்கேற்கும் புரதம் பீட்டா-கேட்டனின். மனிதரில் இது 781 அமினோ அமிலங்களால் ஆனது.

செல்சவ்வின் அருகே இது, அண்டைச் செல்களைப் பிணைக்கும் கேதெரின் என்ற ஒட்டுப் புரதத்தின் உள்முனையைப் பற்றி, அதைச் செல்லின் உட்சட்டகமான ஆக்டின் இழைகளோடு சேர்க்க உதவுகிறது. ஒட்டும் பணியில் இறங்காமல் செல்லுக்குள் உலவும் மூலக்கூறுகளை, ஆக்சின், ஏபிசி முதலிய புரதங்களின் கூட்டமைப்பு உடனுக்குடன் அடையாளமிட்டுச் சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது. வின்ட் எனப்படும் சமிக்ஞைப் புரதம் செல்லின் வெளிப்புற ஏற்பியில் பொருந்தும்போது அந்தச் சிதைப்பு தடைபட, பீட்டா-கேட்டனின் குவிந்து, உட்கருவுக்குள் புகுந்து, உரிய மரபணுக்களை இயக்கிவைக்கிறது. பழ ஈயின் உடற்கண்டங்களை ஆராய்ந்தவர்களும் செல் ஒட்டுதலை ஆராய்ந்தவர்களும் வெவ்வேறு வழியில் வந்து இந்த ஒரே புரதக் குடும்பத்தில்தான் சந்தித்தனர் என்பது உயிரியல் வரலாற்றின் சுவையான தற்செயல்.

வின்ட் புரதங்களுள் ஒன்றுக்குரிய வின்ட்-1 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிக் கருக்களில் நடுமூளையும் சிறுமூளையும் உருவாகாமற்போவது 1990இல் தெரியவந்தது. 2002இல் அஞ்சென் சென், கிறிஸ்டோபர் வால்ஷ் ஆகியோர், எளிதில் சிதையாதபடி மாற்றப்பட்ட பீட்டா-கேட்டனினைச் சுண்டெலிக் கருவின் நரம்பு முன்னோடிச் செல்களில், அதாவது நரம்புச் செல்களை ஈனும் தாய்ச் செல்களில், உருவாகச் செய்தனர். அச்செல்களில் பல பிரிவதை நிறுத்தாமல் மீண்டும் மீண்டும் பிரிந்ததால் பெருமூளைப் புறணி தடிப்பதைவிடப் பக்கவாட்டில் விரிந்தது. இயல்பில் வழவழப்பான சுண்டெலி மூளையில் மடிப்புகளும் தோன்றின. எனினும் மனித மூளையில் மடிவது வெளிப்பரப்பே. அந்தக் கருக்களிலோ மூளையறையின் உட்சுவரும் சேர்ந்தே மடிந்தது. ஆகவே, மனித மூளை மடிந்த கதைக்கே இது விடை என்று கொள்வது அவசர முடிவாகும்.

இந்தப் புரதத்தை அடியோடு நீக்கினால் இரு பணிகளும் ஒருங்கே குலைவதால், எந்தக் கோளாறு எதனால் விளைந்தது என்று பிரித்தறிய இயலாமல் இருந்தது. ஒட்டும் திறனை மட்டும் வைத்துக்கொண்டு மரபணுக்களை இயக்கும் திறனை இழந்த பீட்டா-கேட்டனின் கொண்ட சுண்டெலிகளை 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு உருவாக்கி, இச்சிக்கலை அவிழ்க்க வழிகாட்டியது. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழலில் புரதமே இல்லாதபோது செல்களின் பிணைப்பு கடுமையாகச் சீர்குலைந்தது. மாற்றப்பட்ட புரதம் இருந்தபோதோ திசுவின் வடிவம் இயல்பாகவே இருந்தது. ஆயினும் தண்டுவடத்தின் முதுகுப்புறத்தில் முன்னோடிச் செல்கள் தம் இயல்பைக் காக்கவும் நரம்புச் செல்களாக மாறவும் தவறின.

மனிதரில் இப்புரதத்துக்குரிய மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று செயலிழந்தாலே சிறிய தலை, அறிவுவளர்ச்சிக் குறைபாடு, கால்களில் தசை விறைப்பு ஆகியவை தோன்றலாம். மாறாக, சிதைவுக்கான அடையாளம் இடப்படும் பகுதியில் பிறழ்வு நேர்ந்து புரதம் மிதமிஞ்சிக் குவிவது, குழந்தைகளின் சிறுமூளைப் பகுதியில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோயின் ஒரு வகைக்குக் காரணமாகிறது.