இரண்டு பொட்டலத்தில் ஒரே மூலிகை

காய்ச்சல் சீசன் வந்தால் திண்டுக்கல் நாட்டு மருந்துக் கடைகளில் அந்தக் கேள்வியும் வந்துவிடும். நிலவேம்பா, கபசுரமா? இரண்டையும் கலந்தே குடித்தால் என்ன?

டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரையும், 2020 கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீரையும் தமிழக அரசே வழங்கியது. முன்னதில் 9 சரக்குகள், பின்னதில் 15. கலந்தால் 24 ஆகாது, 21தான். நிலவேம்பு, சுக்கு, கோரைக்கிழங்கு மூன்றும் இரண்டிலுமே உண்டு. கலக்குகிறவர் தம்மை அறியாமல் நிலவேம்பின் அளவை ஏற்றிவிடுகிறார்.

கபசுரத்தில் சீந்திலும் இருக்கிறது. அது தெரியாமல் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் மாத்திரையையும் சேர்த்து விழுங்குவோர் உண்டு. சீந்தில் எடுத்துக்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதித்ததாக 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அவர்கள் சாப்பிட்டது அசல் சீந்தில்தானா என்று சோதிக்கவில்லையே என்றது ஆயுஷ் அமைச்சகம். அந்த மறுப்பும் வாங்குகிறவருக்கு எச்சரிக்கைதான்: பொடியாக்கிவிட்டால் எந்தக் கொடி என்று யாருக்குத் தெரியும்?

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்ற பேச்சு திண்டுக்கல் மாவட்டத்தில் எடுபடக் கூடாது. ஒட்டன்சத்திரம் பக்கம் விளையும் கண்வலிக்கிழங்கின் விதையிலிருந்துதான் மூட்டுவாத மருந்தான கோல்சிசின் எடுக்கிறார்கள். அதே கிழங்கைத் தின்றால் உயிர் போகும்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சித்த மருந்தென்றால் தயாரிப்பு உரிம எண், சரக்குப் பட்டியல், பேட்ச் எண், காலாவதி தேதி இருக்க வேண்டும். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருந்தால் அது உணவுச் சப்ளிமெண்ட். நோயைக் குணமாக்கும் என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை. சர்க்கரை நோயைத் தீர்ப்பதாக எந்த மருந்தை விளம்பரம் செய்தாலும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஏற்கெனவே சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டுக்கு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் இரண்டு பொட்டலங்களையும், கூடவே அந்த மாத்திரை அட்டைகளையும் அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் காட்டிக் கேட்பது நல்லது. கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பாதிப்புக்கு இழப்பீடு கேட்க, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம். கையில் பில் வேண்டும். மீதிப் பொடியையும் டப்பாவையும் வீசிவிடாமல் வையுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்ப அவற்றைத்தான் கேட்பார்கள்.