கங்காணியின் தவறுக்குத் தோட்டமும் பொறுப்பா?

"மிஸ், கங்காணி செஞ்சதுக்குத் தோட்டம் என்ன செய்யும்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. நான் யார்கிட்ட போறது?"

ஹுன்னஸ்கிரியவுக்கு அருகே ஒரு தோட்டத்தில், லயத்து வாசலில் ஒரு சகோதரி என்னிடம் கேட்ட கேள்வி இது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தகாத முறையில் தொட்டவரை அவர் எதிர்த்தார். அன்றிலிருந்து அவருடைய கொழுந்தின் நிறை குறைத்தே எழுதப்பட்டது. "அது அவருடைய சொந்த நடத்தை" என்று அலுவலகம் கைகழுவியது.

சகோதரிகளே, சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஊழியர் தமது வேலையின்போது, அந்த வேலையோடு தொடர்புபட்டுத் தீங்கு செய்தால், வேலை கொடுத்தவரும் நட்டஈட்டுக்குப் பொறுப்பாவார். எமது நாட்டிலுள்ள உரோம டச்சுச் சட்டமும் ஆங்கிலச் சட்டமும் இதை ஏற்கின்றன.

"நாங்கள் அப்படிச் செய்யச் சொல்லவில்லையே" என்பது மட்டும் போதிய பதிலல்ல. லண்டனில் ஒரு குதிரை பஸ் கம்பெனி, போட்டிக்கு ஓட்டக்கூடாது என்று சாரதிகளுக்கு எழுத்திலேயே கட்டளையிட்டிருந்தது. ஒருவர் அதை மீறி வேறொரு கம்பெனியின் பஸ்ஸை மறித்தார், அது கவிழ்ந்தது. கம்பெனியே பொறுப்பு என 1862இல் தீர்ப்பானது.

விடுதிச் சிறுவர்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்திய பொறுப்பாளருக்காக, விடுதியை நடத்தியவர்களும் பொறுப்பு என 2001இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அவருடைய குற்றம், அவரிடம் ஒப்படைத்த பராமரிப்பு வேலையோடு நெருங்கப் பிணைந்திருந்ததே காரணம். கொழுந்து நிறுப்பதும் தோட்டம் ஒப்படைத்த வேலைதானே?

தமிழ்நாட்டின் திண்டுக்கல் பகுதியில் 2021 ஜனவரியில் ஆடைத் தொழிற்சாலை இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் கைச்சாத்தான திண்டுக்கல் உடன்படிக்கையில், துன்புறுத்தலைத் தடுக்கும் கடமையை நிறுவனம் எழுத்தில் ஏற்றது.

வேலைக்குத் தொடர்பில்லாத சொந்தப் பகைக்குத் தோட்டம் பொறுப்பாகாது. தவறு செய்தவரின் தண்டனையும் வேறு விடயம். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி, பாலியல் தொந்தரவுக்கு 5 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம்.

ஆகவே, நாள், நேரம், இடம், பார்த்தவர்களின் பெயர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். துரைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். நட்டஈட்டு வழக்கை 2 வருடங்களுக்குள் தொடர வேண்டும். வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவுகிறது.

அந்தச் சகோதரியின் கடிதத்தை அவருடைய மகளே எழுதினாள். பார்த்த மூன்று பெண்களும் தயங்கித் தயங்கி, கடைசியில் கையொப்பமிட்டார்கள்.