கணக்கும் தொண்டும்



"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. போடுவது வீணாகவே போகட்டும். ஆயினும் அளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இம்மொழியைக் கடைக்காரருக்கு உரியதென்று ஒதுக்கிவிட்டு, கோயில், தருமம், பொதுத்தொண்டு என்பவற்றிலே கணக்குக் கேட்பதைக் குற்றமாக எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. பக்தி வேறு, பேரேடு வேறு என்று நாம் பிரித்து வைத்துவிட்டோம். அவ்விரண்டையும் பிரிக்காது வாழ்ந்த பேராசிரியர் இருவரைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

முதலாமவர் அமெரிக்கர், ஹாவர்ட் வணிகக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த கிளேற்றன் கிறிஸ்டென்சன். 1952 ஆம் ஆண்டு யூட்டா மாநிலத்திற் பிறந்தவர். அவர் சார்ந்த மோர்மன் சபை 1830 ஆம் ஆண்டு ஜோசப் ஸ்மித் என்பவரால் நியூயோர்க் மாநிலத்தில் நிறுவப்பட்டது. அச்சபையில் ஊர்தோறும் வழிபாட்டை நடத்துவோர் சம்பளம் பெறும் குருமார் அல்லர். வக்கீலோ, கமக்காரரோ, ஆசிரியரோ தம் தொழிலைச் செய்துகொண்டே சில ஆண்டுகள் ஊதியமின்றி அப்பொறுப்பை ஏற்பர். இளைஞர் பலர் கல்வியை இடைநிறுத்தி, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தூர தேசங்களிலே சமய ஊழியம் செய்வர். கிறிஸ்டென்சனும் 1971 முதல் 1973 வரை கொரியாவில் அவ்வாறு ஊழியஞ் செய்தார். பின்னர் 1997 இல் வெளிவந்த தம் நூலினால் வணிக உலகெங்கும் புகழ்பெற்ற பின்பும் சபைத் தொண்டை அவர் விடவில்லை. ஒக்ஸ்போர்டில் மாணவராயிருந்த காலத்திலே, கூடைப்பந்தாட்ட இறுதிப்போட்டி ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, அந்நாளில் விளையாடுவதில்லை என்ற தம் விரதத்தைக் காத்து ஆட்டத்தை மறுத்தவர் அவர். நூற்றுக்கு நூறு கொள்கையைக் காப்பது, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக் காப்பதினும் எளிது என்று அந்நிகழ்ச்சியினின்று தம் மாணவருக்குப் போதித்தார். 2020 ஆம் ஆண்டு சனவரியிற் காலமானார்.

இரண்டாமவர் நமக்கு நெருங்கிய உறவினர் போன்றவர். தஞ்சையிலே 1892 சனவரி 4 ஆம் நாள் பிறந்த தமிழர். ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது இளமைப் பெயர். பாட்டனார் வழிவந்த குமரப்பா என்ற பெயரைப் பிற்காலத்தில் ஏற்று, ஜே. சி. குமரப்பா ஆனார். பக்தி மிகுந்த கிறிஸ்தவக் குடும்பம். இவருடைய சகோதரர் பரதன் குமரப்பாவும் பின்னர் காந்தியடிகளின் பணியிற் சேர்ந்தவரே. குமரப்பா லண்டனிலே கணக்காய்வுத் தொழிலைப் பயின்று, பம்பாய்க்குத் திரும்பி அத்தொழிலிலே செல்வமும் செல்வாக்கும் பெற்றார். மேனாட்டு உடை, மேனாட்டு நடை; குறையொன்றுமில்லை.

1927 இல் அமெரிக்கா சென்று, சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் பயின்று 1928 இற் பட்டம் பெற்றார். அங்கே தேவாலயம் ஒன்றில், இந்தியா ஏன் வறுமையுற்றது என்பது பற்றி உரையாற்றும்படி அவரைக் கேட்டனர். அவ்வுரை பத்திரிகையில் வெளியாயிற்று. அதைக் கண்ட கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் செலிக்மன், அதனையே ஆய்வுப் பொருளாக்குமாறு தூண்டினார். அரசு வரியாக எடுத்ததையும் மக்களுக்குத் திருப்பிக் கொடுத்ததையும் இனம் இனமாகக் கணக்கிட்டபோது, ஆங்கில ஆட்சியின்மேல் அவருக்கிருந்த மதிப்புக் கரைந்தது. மேடைப் பேச்சு மாற்றாத மனத்தை ஐந்தொகை மாற்றிவிட்டது!

அவ்வாய்வை நூலாக்கும் எண்ணத்துடன் 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையிலே முதியவர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பா கைத்தடியுடன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது பொழுது கழிந்தபின்பே அவர்தாம் காந்தியடிகள் என்பது புலனாயிற்று. ஒருவர் நாற்காலி கொணர்ந்தார். அதனை வேண்டாமென்று மறுத்து, நல்ல உடையுடனே தரையில் அமர்ந்தார் குமரப்பா. அன்று அமர்ந்தவர் பழைய வாழ்வுக்கு எழுந்து செல்லவில்லை. கதருடுத்து, அகமதாபாத்திலே குசராத் வித்தியாபீடத்திற் பேராசிரியரானார். மாணவரை அழைத்துக்கொண்டு மாத்தர் தாலுகாவின் கிராமங்களிலே வீடு வீடாகச் சென்று உழவரின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். 1934 இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் அமைந்தபோது அதன் செயலாளரானார்.

நேயர்களே, அவருடைய வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சியை நான் மாணவருக்கு அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. 1934 சனவரி 15 இல் பீகாரிலே பெரும் பூகம்பம் நேர்ந்தது. இராசேந்திர பிரசாத்தின் தலைமையில் இயங்கிய நிவாரணக் குழுவுக்கு நாடெங்குமிருந்து பணம் குவிந்தது. அதன் கணக்கைக் காக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவரின் நாட்செலவுக்குச் சில அணாக்களே என அவர் வரையறுத்தார். அக்காலத்தே காந்தியடிகள் தம் பரிவாரத்துடன் அங்கு வந்தார். அக்குழுவினரின் உணவுச் செலவையும் மோட்டார்ச் செலவையும் நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாதென்று குமரப்பா கூறிவிட்டார். அடிகள் சினந்தாரல்லர், தம் செலவைத் தாமே ஏற்றார். பணம் காந்தியடிகளின் பெயருக்காக வந்ததாயினும், அது வீடிழந்தவனுடைய பணம். அதைக் காப்பவன் எவருக்கும் முகம் பார்த்தல் ஆகாது. இதனையே குமரப்பா தம் சமயக் கடமையாகக் கொண்டார்.

ஆம், சமயக் கடமையே. பலமுறை சிறை சென்ற அவர், 1942 ஆம் ஆண்டுப் போராட்டத்தை அடுத்த சிறைவாசத்திலே, இயேசுபிரானின் போதனையையும் நடைமுறையையும் பற்றி ஒரு நூலும், 'நிலைத்த பொருளாதாரம்' எனத்தக்க ஒரு நூலும் எழுதினார். ஒரே சிறையில், ஒரே கையால் எழுதப்பட்ட இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. இயற்கையிற் காணும் வாழ்க்கை முறைகளை அவர் ஐந்தாக வகுத்தார். பிற உயிரைக் கொன்று தின்னும் புலி ஒரு வகை. தான் ஒன்றும் நடாமற் பிறர் தோட்டத்துக் கனியைப் பறிக்கும் குரங்கு ஒரு வகை. தன் உழைப்பால் தான் வாழ்வது மூன்றாவது. தேனீயைப் போலக் கூட்டத்துக்காக உழைப்பது நான்காவது. கைம்மாறு கருதாது குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவையின் வாழ்வு ஐந்தாவது. மனிதன் முதல் வகையினின்று ஐந்தாம் வகைக்கு ஏறுதலே நாகரிகம் என்றார். அவருக்குப் பொருளாதாரமும் சுவிசேஷமும் சந்திக்கும் இடம் இதுவே.

நம் யாழ்ப்பாணத்துக்கும் இவருடைய சிந்தனைக்கும் பொருத்தம் மிகவுண்டு. காந்தியடிகள் 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தது, இங்குள்ள மாணவர் காங்கிரசின் அழைப்பினால். அதனைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர் ஹண்டி பேரின்பநாயகம். பின்னாளில் எங்கள் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கியவர். குமரப்பாவின் சங்கம் பனைவெல்லத் தொழிலை வளர்க்க முனைந்தது. நெல் விளையும் நிலத்தைக் கரும்புக்குக் கொடாமல், தரிசில் நிற்கும் பனையிலிருந்து இனிப்பைப் பெறலாம் என்பது அவர் கணக்கு. பனங்கட்டியும் ஒடியலும் பனாட்டும் உண்டு வளர்ந்த நமக்கு அது புதிதன்று. ஆனால் உணவுப் பயிருக்குரிய நிலத்தைப் பணப்பயிருக்கு விடலாமா என்றும் அவர் கேட்டார். சுருட்டுக் கொட்டில்களாற் பிழைத்த ஊராகிய கொக்குவிலுக்கு இக்கேள்வி சற்றுக் கசக்கும். கசந்தாலும் கேட்கத்தக்க கேள்வியே.

அதனினும் முக்கியமானது வேறொன்று. இன்று நம் ஊர்களிலே கோயில் திருப்பணி, வாசிகசாலை, சனசமூக நிலையம், பாடசாலைக் கட்டடம் என்பவற்றுக்குக் கடல் கடந்த உறவினர் பணம் அனுப்புகின்றனர். பனிக்குளிரிலே இரவு வேலை செய்து சேர்த்த பணம் அது. அதற்குச் செலவுச் சீட்டு எங்கே என்று இளைஞன் ஒருவன் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டால், "எங்களை நம்பவில்லையா?" என்று பெரியோர் முகம் சிவக்கின்றனர். கேட்டவன் மறுமுறை வாய் திறப்பதில்லை. மகாத்மாவே தம் செலவைத் தாம் கொடுத்தாரென்றால், நாம் சினப்பதற்கு நியாயம் ஏது? கணக்குக் கேட்பது அவநம்பிக்கை அன்று. கொடுத்தவனுக்கும் பெற வேண்டியவனுக்கும் செய்யும் மரியாதை.

குமரப்பா மணஞ்செய்து கொள்ளவில்லை, சொத்தும் சேர்க்கவில்லை. இறுதிக் காலத்தை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்திற் கழித்தார். 1960 சனவரி 30 ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தினத்தில், மதுரையில் அவர் உயிர் பிரிந்தது.

இருவருள் ஒருவர் மோர்மன் சபையினர். மற்றவர் காந்தியத்தைத் தழுவிய தமிழ்க் கிறிஸ்தவர். நம்முட் பெரும்பாலோர் சைவர். வழிபடும் இடம் வேறாயினும் விளங்கும் உண்மை ஒன்றே. மனிதன் கற்ற வித்தை எதுவாயினும் அதுவே அவன் இறைவனுக்கு இடும் மலராகலாம். கணக்கறிந்தவன் கணக்கையே இடட்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அவ்விளைஞன் எழுந்து நிற்கும்போது, நம்மில் ஒருவரேனும் அவனருகில் எழுந்து நிற்போமாக.