குளியலறையின் மறைவிடங்களில் நீர்க்கசிவை அறியும் கருவிகள்

குழாய் இணைப்பு ஒன்றிலிருந்து வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் நீர் கசிவதாகக் கொள்வோம். ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் இருபது சொட்டுகள் என்று கணக்கிட்டால், நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள், அதாவது நான்கு லிட்டருக்குச் சற்று அதிகமான நீர் வீணாகிறது. கண்ணெதிரே சொட்டும் குழாய்க்கு அன்றே வாஷர் மாற்றப்படும். சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ சொட்டுவது மாதக்கணக்கில் எவர் கண்ணிலும் படுவதில்லை. வீணாகும் நீரைக் காட்டிலும் அதனால் விளையும் கேடே பெரிது. கான்கிரீட்டினுள் ஊறும் ஈரம் இரும்புக் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக் கொள்வதால், கம்பியை மூடியுள்ள கான்கிரீட் பிளந்து உதிர்கிறது.

நம் நாட்டு அடுக்குமாடிக் கட்டடங்களில் இத்தொல்லைக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. குளியலறையின் கான்கிரீட் தளம் ஏனைய அறைகளின் தளத்தைவிடத் தாழ்வாக அமைக்கப்பட்டு, அப்பள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கப்படுகின்றன; பின்னர் அது செங்கல் ஜல்லி போன்றவற்றால் நிரப்பப்பட்டு, மேலே ஓடு பாவப்படுகிறது. கட்டுநர் இதனைச் ‘சங்கன் ஸ்லாப்’ என்பர். கசியும் நீர் இப்பள்ளத்தில் தொட்டியில் தேங்குவதுபோலத் தேங்கி, இறுதியில் கீழ்வீட்டாரின் கூரையில் கறையாக வெளிப்படுகிறது. அண்டை வீட்டார் மனத்தாங்கலுக்கு இதுவே தொடக்கமாவதும் உண்டு.

‘சென்சார்’ என வழங்கும் கசிவுணர்த்தியின் தத்துவம் மிக எளியது. ஒன்றையொன்று தொடாத இரு உலோக முனைகளுக்கிடையே நீர் பரவும்போது, அதில் கரைந்துள்ள உப்புகளின் காரணமாகச் சிறிதளவு மின்சாரம் பாய்கிறது. கருவி அதனை அறிந்து மணியொலிக்கிறது அல்லது வானொலி அலைகள் மூலம் செய்தி அனுப்புகிறது. ஒரே திசையில் இடைவிடாது மின்சாரம் பாயுமானால் முனைகள் அரிக்கப்பட்டுவிடும். ஆதலால் நல்ல கருவிகள் திசையை மாற்றி மாற்றி, நொடிப்பொழுதே நீடிக்கும் துடிப்புகளாக மின்சாரத்தைச் செலுத்திச் சோதிக்கின்றன.

ஆகவே கடினம் கருவியில் இல்லை. அதனை எங்கே வைப்பது, அதற்கு மின்சாரம் எவ்வாறு அளிப்பது என்பவற்றில்தான் இருக்கிறது. கழுவுதொட்டியின் அடியிலுள்ள அலமாரி, சுவருக்குள் புதைந்த ஃப்ளஷ் தொட்டி, பொய்க்கூரைக்கு மேல் வைத்த கெய்சர் ஆகிய இடங்களில் கை எட்டுவதில்லை. கருவி முழுவதையும் அங்கே செருகுவது பேதைமை. பாட்டரி தீர்ந்தபின் அதனை எடுப்பவர் யார்? உணர்முனையை மட்டும் உள்ளே செலுத்தி, பெட்டியைக் கை எட்டும் உலர்ந்த இடத்தில், இயன்றால் குளியலறைக் கதவுக்கு வெளியே, பொருத்துவதே முறை. இரண்டு மூன்று மீட்டர் கம்பியால் உணர்திறன் குறைந்துவிடுமோ என்ற ஐயம் வேண்டியதில்லை. நனைந்த முனைகளுக்கிடையே உள்ள மின்தடை ஆயிரக்கணக்கான ஓம்கள். கம்பியின் தடையோ ஓரிரு ஓம்களே. ஆனால் இடையில் இணைப்பு வைத்தலாகாது. ஈரத்தில் அமைந்த இணைப்பு தானே ஓர் உணர்த்தியாகிவிடும்!

நீளமான இடங்களுக்குக் கயிறு போன்ற உணர்கம்பி கிடைக்கிறது. அதன் எந்தப் பகுதி நனைந்தாலும் அறிவிப்பு வரும். எனினும் ஒருமுறை நனைந்தபின் அதன் பின்னல் உலரும்வரை எச்சரிக்கை நிற்காது. சங்கன் ஸ்லாப் நிரப்பலுக்குள் உணர்முனையைப் புதைப்பது பயனற்றது. அங்கே ஈரம் எப்போதும் சிறிதளவேனும் இருக்கும். அதனால் பொய் எச்சரிக்கைகளே மிகும். கவனமாகக் கட்டிய கட்டடங்களில் அப்பள்ளத்திலிருந்து வெளிச்சுவர்க் குழாய்ச் சந்துக்கு ஒரு சிறு வடிகுழாய் விடப்பட்டிருக்கும். வறண்டிருக்க வேண்டிய அக்குழாயின் வாயிலில் உணர்முனையை வைத்தால், பள்ளத்தில் நீர் தேங்குவது கீழ்வீட்டுக் கூரையில் தெரிவதற்கு முன்பே அறியப்படும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, 230 வோல்ட் கம்பியை ஈரமான மறைவிடத்துக்கு இழுத்துச் செல்வது உயிருக்கே ஆபத்து. குளிதொட்டியின் உட்பகுதிக்கு, மாறுதிசை மின்சாரமாயின் 12 வோல்ட்டுக்கு மேற்படாத பாதுகாப்பான தாழ்மின்னழுத்தமே சர்வதேச விதிகளால் அனுமதிக்கப்படுகிறது. அதனை வழங்கும் மின்மாற்றியும் வெளியே இருக்க வேண்டும். மின்மாற்றி தரமற்றதாயின் 230 வோல்ட்டும் அதே மெல்லிய கம்பி வழியே உள்ளே வந்துவிடக்கூடும். மேலும் மின்தடை நேரத்தில் அடாப்டரை நம்பிய கருவி உறங்கிவிடும். மாடித் தொட்டியின் நீரோ உறங்குவதில்லை. எனவே பாட்டரியே ஏற்றது.

எந்தப் பாட்டரி என்பதைக் கருவியின் பசியே தீர்மானிக்கிறது. 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள சி.ஆர். 2032 என்னும் லித்தியம் காசுச் செல் 3 வோல்ட் அளிப்பது. கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லியாம்பியர்-மணி. காத்திருக்கும் நிலையில் 5 மைக்ரோஆம்பியர் மட்டுமே உண்ணும் கருவிக்கு இது கணக்குப்படி 44,000 மணி, அதாவது ஐந்து ஆண்டுகள் போதும். செய்தி அனுப்பும் செலவையும் செல் தானாக வலுவிழப்பதையும் கழித்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் எதிர்பார்க்கலாம். வைஃபை வழியே நேராகச் செய்தி அனுப்பும் கருவிக்கோ அனுப்பும் கணத்தில் நூறு மில்லியாம்பியருக்கு மேல் தேவைப்படும். அதனைக் காசுச் செல் தாங்காது. பென்சில் பாட்டரிகள் வேண்டும். மின்தடையின்போது வைஃபைப் பெட்டியும் அணைந்துவிடுமாதலால், தானே உரக்க ஒலிக்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பது நன்று. பெட்டியின் மேல் பாட்டரி மாற்றிய தேதியை எழுதி வைத்தல் அவசியம். மாதம் ஒருமுறை உணர்முனையில் ஒரு கரண்டி குழாய்நீர் ஊற்றிச் சோதித்துத் துடைக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் உப்பு இல்லாமையால் கருவி வாளாவிருக்கக்கூடும்.

பாட்டரியே இல்லாத வகையும் உண்டு. அதில் கசியும் நீரே மின்சாரத்தைத் தோற்றுவிக்கிறது. இதனை ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டலாம். துத்தநாகத் தகடு, உப்புநீரில் தோய்த்து நன்கு உலர்த்திய காகிதம், செப்புத் தகடு ஆகியவற்றை அடுக்கினால் ஒரு செல். இத்தகைய மூன்று செல்களைத் தொடராக இணைத்து, சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்றைச் சரியான திசையில் பொருத்துக. காகிதம் உலர்ந்திருக்கும்வரை ஒளி இல்லை. சில சொட்டு நீர் பட்டதும் விளக்கு மங்கலாக எரியும். அறையைச் சற்று இருளாக்கினால் பின்வரிசை மாணவர்க்கும் தெரியும். இவ்வகை ஒருமுறை நனைந்தால் தகடும் காகிதமும் மாற்றப்பட வேண்டியவை. ஆகவே ஆண்டுக்கொருமுறைகூடத் திறக்கப்படாத குழாய்ச் சந்துகளுக்கே இது பொருந்தும்.