கோல்ப் மைதானத்தில் வீடுகள் வந்தால் நமது நீரிழிவுக்கு என்ன ஆகும்?

நாலு பேர் கூடினால் வீட்டு விலையைப் பற்றிக் கதைப்பது ரொறன்ரோத் தமிழரின் வழக்கம். 'அந்தக் கோல்ப் மைதானத்தை விற்கப் போகிறார்களாம், அதில் வீடுகள் கட்டப் போகிறார்களாம்' என்று ஒரு செய்தி வந்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டின் பெறுமதி ஏறுமா இறங்குமா, வீதியில் நெரிசல் கூடுமா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்குமா என்று மணிக்கணக்கில் கதைப்போம். அங்கே குடியேறப் போகிறவர்களின் உடம்புக்கு என்ன ஆகும் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. இது உடல்நலப் பக்கம் என்பதால் அந்தக் கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் அம்மாவின் கதையிலிருந்து தொடங்குவதே எனக்குச் சுலபம். 1990களில் நாங்கள் இருந்தது சென் ஜேம்ஸ் ரவுணில், ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் பதினான்காவது மாடியில். அந்த இடத்தின் குறைகளை அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லிப்ற் பழுதாகும், கரப்பான் பூச்சி வரும். ஆனால் கீழே இறங்கினால் மரக்கறிக் கடை, பலசரக்குக் கடை, குடும்ப வைத்தியர், நூலகம் எல்லாம் நடை தூரத்தில். பருத்தித்துறையில் சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்தே பழகிய அம்மா, வெலஸ்லி வீதியிலும் அப்படியே நடந்தார். அதை அவர் 'உடற்பயிற்சி' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'கறிவேப்பிலை வாங்கப் போனனான்' என்றுதான் சொல்லுவார்.

2006இல் வடக்கே வீடு வாங்கினோம். நாலு அறை, இரட்டைக் கராஜ், பின்வளவு. முன்னேறிவிட்டோம் என்று ஊருக்கெல்லாம் தொலைபேசியில் சொன்னோம். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பக்கத்துக் கடைக்கு நாற்பது நிமிட நடை, அதிலும் பாதித் தூரத்துக்கு நடைபாதை இல்லை. எங்கள் தெரு முடியும் இடத்தில் ஒரு கோல்ப் மைதானத்தின் வேலி இருந்தது. வந்த முதல் வாரமே அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்:

"தம்பி, இந்தப் புல்லுக்குள்ள நடக்க விடுவினமோ?"

"இல்லையம்மா, அது மெம்பர் ஆக்களுக்கு மட்டும்."

"அப்ப எங்களுக்கு என்னத்துக்கு?"

இரண்டு வருடத்தில் அம்மாவின் ஏ1சி 6.4இலிருந்து 7.9 ஆனது. மருந்தைக் கூட்டினார்கள். சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள். அம்மாவும் குறைத்தார். அவருடைய வாழ்க்கையிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியால நடை காணாமல் போயிருந்தது வைத்தியருக்கும் தெரியாது, எங்களுக்கும் தோன்றவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ரொறன்ரோவில் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வு, புதிதாகக் குடியேறியவர்களையும் நீண்ட காலமாக இங்கே வாழ்பவர்களையும் ஒப்பிட்டது. நடப்பதற்கு வசதியில்லாத பகுதிகளில் குடியேறிய புதியவர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து, நடக்க வசதியான பகுதிகளில் குடியேறியவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்காக இருந்தது. நீண்ட காலமாக இருப்பவர்களிலும் வேறுபாடு உண்டு. ஆனால் புதியவர்களில் அது கூடுதலாகத் தெரிந்தது.

2016இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் சஞ்சிகையில் வந்த மற்றொரு ஆய்வு, தெற்கு ஒன்ராறியோவின் நகரப் பகுதிகளை 2001 முதல் 2012 வரை பின்தொடர்ந்தது. நடப்பதற்கு மிக வசதியான அயல்களில் புதிதாக நீரிழிவு வருவோரின் விகிதம் குறைந்தது. வசதி குறைந்த அயல்களில் அப்படிக் குறையவில்லை, அங்கே உடல் பருமன் மட்டும் ஏறிக்கொண்டு போனது. இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விடயம் வேறு. இரு வகை அயல்களிலும் உணவுப் பழக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். ஓய்வு நேர உடற்பயிற்சியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஜிம்முக்குப் போனவர்கள் இங்கும் இருந்தார்கள், அங்கும் இருந்தார்கள். வேறுபட்டது, வேலைக்கும் கடைக்கும் கால்நடையாகவோ சைக்கிளிலோ பஸ்ஸிலோ போனவர்களின் தொகை. அதாவது கறிவேப்பிலை வாங்கப் போகிற நடை.

'நடக்க வசதி' என்பதை அந்த ஆய்வாளர்கள் எதைக்கொண்டு அளந்தார்கள் தெரியுமா? மக்கள் எவ்வளவு நெருக்கமாக வாழ்கிறார்கள், வீடுகள் எவ்வளவு நெருக்கம், நடை தூரத்துக்குள் எத்தனை கடைகளும் பொது இடங்களும் உண்டு, தெருக்கள் ஒன்றோடொன்று இணைகின்றனவா அல்லது முட்டுச் சந்துகளாக முடிகின்றனவா என்பவற்றை. பசும்புல் எத்தனை ஏக்கர் என்பது அந்தக் கணக்கில் இல்லை. நெருக்கம் என்றால் நோய் என்று நினைத்துத்தான் நாம் எல்லோரும் வடக்கே ஓடினோம். நீரிழிவு விடயத்தில் கணக்கு மறுபக்கமாக இருக்கிறது.

(இத்தகைய ஆய்வுகள் தொடர்பைத்தான் காட்டும், காரணத்தை நிரூபிப்பதில்லை. நடக்க விரும்புகிறவர்களே அப்படியான இடங்களைத் தேடிப் போயும் இருக்கலாம். இருந்தாலும் எங்கள் அம்மா தேடிப் போகவில்லை. நாங்கள்தான் கூட்டிக்கொண்டு போனோம்.)

தெற்காசியர்களாகிய நமக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். 2011இல் வெளியான ஓர் ஒன்ராறியோ ஆய்வின்படி, வெள்ளையர் ஒருவருக்கு உடல் நிறைச் சுட்டி 30இல் இருக்கும் நீரிழிவு ஆபத்து, தெற்காசியருக்கு 24இலேயே வந்துவிடுகிறது. நீரிழிவு கண்டறியப்படும் நடு வயது வெள்ளையருக்கு 58, நமக்கு 49. மெலிந்த உடம்புதானே என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

இனி கோல்ப் மைதானத்துக்கு வருவோம். மார்க்கத்தில், 16ஆவது அவென்யூவில் கென்னடி வீதிக்கு மேற்கே இருந்த யோர்க் டவுன்ஸ் மைதானம் நம்மவர் பலருக்குத் தெரிந்த இடம். 400 ஏக்கருக்கும் சற்று அதிகமான நிலம். 2015இல் அதன் உறுப்பினர்கள் சுமார் 400 மில்லியன் டொலருக்கு விற்க இணங்கினார்கள். அங்கே சுமார் 2,400 வீடுகளுக்குத் திட்டம் போடப்பட்டது. இதே கழகத்தின் பழைய மைதானம் பாதர்ஸ்ற் வீதியில், ஷெப்பர்ட்டுக்குத் தெற்கே இருந்தது. அது இன்று ஏர்ல் பேல்ஸ் பூங்கா. யாரும் நடக்கலாம், கட்டணம் இல்லை. ஒரே கழகத்தின் முதல் நிலம் பூங்காவானது, இரண்டாவது நிலம் வீடுகளாகிறது.

சிங்கப்பூரில் இதே வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் நமது கேள்வி இன்னும் தெளிவாகும். அங்கே 1904இல் தொடங்கிய கெப்பல் கிளப் 2022இல் தன் நிலத்தைக் காலி செய்தது. சுமார் 48 ஹெக்டேர், அதாவது 120 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதில் சுமார் 9,000 வீடுகள் வரவிருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 6,000 அரசின் அடுக்குமாடி வீடுகள். முதல் தொகுதி 2025இல் விற்பனைக்கு விடப்பட்டது. இரண்டு தொடருந்து நிலையங்கள் அருகில் உள்ளன. நிலத்தில் சுமார் 10 ஹெக்டேரைப் பசுமைக்கு ஒதுக்கி, லாப்ரடோர் இயற்கைக் காப்பகத்திலிருந்து தெற்குக் குன்றுகளுக்குப் பறவைகளும் விலங்குகளும் போய்வரப் பசுமைப் பாதைகளையும் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

யோர்க் டவுன்ஸ் நிலத்தில் ஆற்றுப் பள்ளத்தாக்கும் உண்டு. அங்கே கட்ட முடியாது, கட்டவும் கூடாது. 1954இல் ஹேசல் சூறாவளி வந்து போன பின் இந்தப் பகுதி கற்றுக்கொண்ட பாடம் அது. ஆகவே இரண்டையும் ஏக்கருக்கு ஏக்கர் ஒப்பிடுவது நியாயமாகாது. ஆனாலும் வேறுபாடு பெரிது. 2,400 வீடுகள் பரந்து கிடந்தால் ஒரு மரக்கறிக் கடை பிழைப்பது கடினம், பஸ் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வராது. 9,000 வீடுகள் நெருங்கி இருந்தால் கீழ்மாடியில் கடையும் மருந்தகமும் தாமாகவே வரும். கடை வந்தால் அம்மா நடப்பார்.

நெருக்கமான நகரம் ஒன்றே மருந்து என்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூரிலும் நீரிழிவு பெரும் பிரச்சினைதான். 2016இல் அங்கே சுகாதார அமைச்சு அதன்மேல் 'போர்' என்றே அறிவித்தது. நடந்துபோய் இறங்குகிற இடம் புரோட்டாக் கடையாக இருந்தால் நடையின் பலன் அங்கேயே முடிந்துவிடும்.

மரங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மைதானத்தைக் காப்பாற்றப் போராடும் அயலவர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். அவர்கள் எல்லோரும் வீட்டு விலைக்காகப் போராடுகிறவர்கள் அல்ல. ரொறன்ரோவில் 2015இல் வெளியான ஆய்வொன்று, ஒரு தெருத் தொகுதியில் பத்து மரங்கள் கூடுதலாக இருந்தால், அங்கே வாழ்பவர்கள் தம் உடல்நலம் பற்றி உணர்வது ஏழு வயது இளமையாக இருப்பதற்கு ஒப்பானது என்று கண்டது. கோடை வெயிலில் மரநிழல் இல்லாத புதுக் குடியிருப்புகளில் முதியவர்கள் படும் பாட்டையும் பார்க்கிறோம். ஆனால் அந்த ஆய்வு சொல்வது வீட்டு வாசலில் நிற்கும் மரத்தை. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் மரம் வெப்பத்தைக் கொஞ்சம் தணிக்கும், அதன் கீழ் நடக்க முடியாது. ஆகவே மைதானத்தில் வளர்ந்து நிற்கும் மரங்களில் எத்தனையை வெட்டாமல் தெருவோரத்தில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று கட்டுகிறவர்களைக் கேட்பது நியாயமான கேள்வி.

மண்ணைப் பற்றியும் கேட்க வேண்டும். ஒன்ராறியோவில் 2009இல் வீட்டுப் புல்வெளிகளுக்குப் பூச்சிகொல்லி அடிப்பது தடை செய்யப்பட்டபோது, கோல்ப் மைதானங்களுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கப்பட்டது. அதற்கு வெகு முன்பு, பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள புல்லுக்குப் பாதரசம் கலந்த பூஞ்சைக்கொல்லிகள் அடித்த காலமும் உண்டு. 2025இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கோல்ப் மைதானத்துக்கு மிக அருகில் வாழ்பவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு, தூரத்தில் வாழ்பவர்களைவிடக் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. பூச்சிகொல்லிதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. பயந்து வீட்டை விற்கத் தேவையில்லை. ஆனால் இப்படியான நிலத்தில் வீடு வாங்குகிறவர்கள் மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நம்மவர்கள் வீட்டுக்குள் போக முன்னமே பின்வளவில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பாத்தி கட்டுகிறவர்கள். அறிக்கை கிடைக்கும் வரை வெளியில் வாங்கிய மண்ணைப் பலகைப் பெட்டியில் நிரப்பிக் கீரை போடுங்கள்.

எங்கே கேட்பது? மைதானத்தின் வாசலில் நகரசபையின் அறிவித்தல் பலகை வைப்பார்கள். அதில் விண்ணப்ப இலக்கமும் விபரமும் இருக்கும். நில வலயத்தை மாற்றுவதற்குப் பொதுக்கூட்டம் நடத்தவேண்டும் என்பது சட்டம். எழுத்திலும் கருத்துச் சொல்லலாம், நேரிலும் பேசலாம். 2024இல் ஒன்ராறியோ சட்டத்தில் வந்த மாற்றத்தின் பின், இப்படியான முடிவை எதிர்த்து அயலவர்கள் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. எனவே கூட்டத்தில் பேசாவிட்டால் பிறகு பேச இடமில்லை. நான் போன ஒரு கூட்டத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். தமிழர் என்று நாங்கள் மூன்று பேர். அந்தத் தெருக்களில் எத்தனை தமிழ் வீடுகள் என்று எனக்குத் தெரியும்.

அன்று பேசியவர்களில் அநேகர் 'வேண்டாம்' என்றார்கள், சிலர் 'வேண்டும்' என்றார்கள். நான் கேட்டவை வேறு. நடந்துபோகும் தூரத்தில் மரக்கறிக் கடைக்கு இடம் ஒதுக்குவீர்களா? நடைபாதை தெருவின் இருபக்கமும் வருமா? மாரியில் அந்த நடைபாதையில் ஸ்னோவை அகற்றுவது யார்? நூறு அடிக்கு ஒருமுறையாவது இருந்து இளைப்பாற வாங்கு போடுவீர்களா? பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை? கடைசியாகக் கேட்டதற்குச் சிலர் சிரித்தார்கள்: கோல்ப் விளையாடாதவர்களும் உள்ளே போகலாமா? பதிலை எழுத்தில் தருவதாகச் சொன்னார்கள். ஸ்னோ பற்றிய பதில் மட்டும் வந்தது.

புதுக் குடியிருப்புகள் எழும்பப் பல வருடம் எடுக்கும். அதுவரை இப்போதிருக்கும் வீட்டிலிருந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2013இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், நீரிழிவு வரக்கூடிய நிலையிலிருந்த முதியவர்களை மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பதினைந்து பதினைந்து நிமிடம் நடக்க வைத்தார்கள். ஒரே தடவையில் நாற்பத்தைந்து நிமிடம் நடந்ததற்குச் சமமாக அந்த நாளின் சீனி குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்திய சீனியைக் கட்டுப்படுத்த இதுவே சிறந்ததாக இருந்தது. இன்சுலின் எடுப்பவர்கள், நெஞ்சு வருத்தமோ காலில் புண்ணோ உள்ளவர்கள் குடும்ப வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மாரியில் வழுக்கும் தெருவை விட்டு, பக்கத்துக் கடைத்தொகுதிக்குள் நடப்பது நல்லது.

அம்மா இப்போது இரவில் இடியப்பம் சாப்பிட்டதும் கராஜிலிருந்து தெருமுனை வேலி வரை போய், திரும்பி, மறுபடியும் ஒருமுறை போய் வருகிறார். ஸ்னோ கொட்டினால் பேஸ்மென்றில் சுற்றுகிறார். பேத்தி கூடப் போனால் பதினைந்து நிமிடம் இருபதாகிறது. அடுத்த ஏ1சி பரிசோதனை பங்குனியில்.