இந்த வயதில் விரல் வளையுமா?

பெரியநீலாவணையில் மாதர் குழுக் கூட்டம் ஒன்று முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க அக்கா ஒருவர் என்னை ஒருபுறமாக அழைத்தார். “வீட்ட ஒரு கிற்றார் கிடக்கு தங்கச்சி. அண்ணன்ட” என்றார். அண்ணன் 1990 இல் காணாமற்போனவர். 2004 ஆழிப்பேரலை வீட்டை அள்ளிக்கொண்டு போனபோது, கிற்றார் மட்டும் பெரியம்மா வீட்டில் இருந்ததால் தப்பியது. இத்தனை வருடங்களாக அது சீலை ஒன்றினால் சுற்றப்பட்டுக் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

கனடாவில் இருக்கும் அவரது சித்தியின் மகள், பெரியவர்களுக்கான கிற்றார் முகாம் ஒன்றுக்குப் போய்வந்ததைத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். “அங்க என்ன செய்வாங்க? இந்த வயசில விரல் வளையுமா தங்கச்சி?” என்று கேட்டவர், சற்றுப் பொறுத்து, “ஆக்கள் சிரிப்பாங்க என்ன?” என்றும் கேட்டார்.

இந்த இரண்டு கேள்விகளும் அவருடையவை மாத்திரமல்ல என்பதால், பதிலை இங்கே எழுதுகிறேன்.

பெரியவர்களுக்கான முகாம்

இசை கற்பதென்றால் சிறுவயதிலேயே தொடங்க வேண்டும் என்பது எம்மிடையே ஊறிய எண்ணம். ஆனால் வளர்ந்தவர்களுக்கென்றே கிற்றார் முகாம்கள் பல நாடுகளில் நடந்து வந்துள்ளன. அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் 1974 இல் தொடங்கப்பட்ட பியூஜெற் சவுண்ட் கிற்றார் பட்டறை அவற்றுள் பழையது. அங்கே வேலைக்குப் போவோர், ஓய்வு பெற்றோர், பேரப்பிள்ளை கண்டோர் எல்லோரும் ஒரு வாரம் ஒன்றாகத் தங்கிப் படிப்பார்கள்.

அதே நாட்டின் போர்ட்லண்ட் நகரில் 2001 இல் சிறுமிகளுக்கென ஓர் இசை முகாம் ஆரம்பமானது. அதைப் பார்த்த தாய்மார் “எங்களுக்கும் வேண்டும்” என்றார்கள். அதன் பின்னர் வளர்ந்த பெண்களுக்கு மட்டுமான மூன்று நாள் முகாம்களும் வந்தன. கிற்றாரைத் தொட்டே பாராத பெண்கள் முதல் நாள் வருவார்கள். குழுக்களாகச் சேர்ந்து தாமே ஒரு பாட்டு எழுதி, மூன்றாம் நாள் மேடையில் வாசிப்பார்கள். சிறந்த கலைஞரை உருவாக்குவது அங்கே நோக்கமல்ல. பயப்படாமல் சத்தம் எழுப்பப் பழகுவதே நோக்கம்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

முதலில் நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். இது பரீட்சை அல்ல, குழு பிரிப்பதற்காகத்தான். ஒன்றும் தெரியாவிட்டால் “தெரியாது” என்று சொல்லுங்கள். தெரிந்ததுபோல் காட்டி மேல் வகுப்பில் அமர்ந்து திணறுவோரே அதிகம் வாடிப்போகிறார்கள்.

காலையில் வகுப்பு. ஆறு கம்பிகளையும் சுருதி சேர்ப்பதே முதற்பாடம். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பன அவற்றின் பெயர்கள். அடுத்தது ‘கோட்’ எனப்படும் சுரக்கூட்டு. இரண்டே விரலால் பிடிக்கக்கூடிய ஈ மைனர் ஆரம்பக்காரருக்கு இலகுவானது. ஜி, சி, டி என்ற மூன்றும் கைவந்தால் எத்தனையோ எளிய பாட்டுகளுக்கு வாசிக்கலாம். எஃப் என்ற கோட்டில் எல்லோருமே தடுமாறுவார்கள்; அது வராவிட்டால் கவலைப்படாதீர்கள்.

பின்னேரம் நான்கைந்து பேராகச் சேர்ந்து வாசிப்பார்கள். இரவில் வட்டமாக இருந்து, ஒருவர் பாட மற்றவர் வாசிப்பார்கள். தெரியாதவர் கை தட்டினாலும் போதும். கடைசி நாள் சிறு நிகழ்ச்சி நடக்கும். மேடையேற விருப்பமில்லாதவர் ஏறத் தேவையில்லை.

விரல் நோகும்

இதை மறைக்கக்கூடாது. முதல் நாட்களில் இடதுகை விரல் நுனிகள் நோகும், சிவக்கும். சில வாரங்களில் தோல் தடித்துவிடும். வலை இழுத்தும், பாய் இழைத்தும், தேங்காய் துருவியும் பழகிய எமது கைகளுக்கு இது பெரிய விடயமல்ல. ஒரேயடியாக இரண்டு மணித்தியாலம் வாசிப்பதைவிடப் பதினைந்து நிமிடம் வாசித்து ஓய்வெடுத்துத் திரும்ப வாசிப்பதே நல்லது. விரல் நுனி நோவது வழமை. மணிக்கட்டோ தோளோ நொந்தால் நிறுத்திவிட்டு, பிடிக்கும் விதத்தை ஆசிரியரிடம் காட்டுங்கள். இடதுகை நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள்.

இரும்புக் கம்பி, நைலோன் கம்பி என இருவகைக் கிற்றார்கள் உண்டு. இரும்புக் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவையில் நிற்கும். நைலோன் கம்பிகளின் இழுவை அதில் பாதியளவுக்குச் சற்று மேல். ஆகவே தொடங்குபவர்களின் விரலுக்கு நைலோன் இதமானது. ஆனால் இரும்புக் கம்பிக்கெனச் செய்த கிற்றாரில் நைலோனை மாட்டினால் சத்தம் சரியாக வராது. நைலோன் கிற்றாரில் இரும்பை மாட்டினால் மரமே வளைந்துவிடும். கம்பி வாங்கப் போகும்போது கிற்றாரையும் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

கடற்கரையில் இருக்கும் எமக்கு இன்னொரு கவனமும் வேண்டும். உப்புக் காற்றில் கம்பி விரைவாகத் துருப்பிடிக்கும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். துருப்பிடித்த பழைய கம்பியை முறுக்க வேண்டாம். அறுந்து முகத்தில் அடிக்கலாம். முதலில் தளர்த்திக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

இது எமக்கு அந்நியமானதா?

“கிற்றார் வெள்ளைக்காரருடையது” என்று சிலர் சொல்வார்கள். மட்டக்களப்பின் பறங்கியர் சமூகம் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து இந்தக் கரையில் வாழ்கிறது. அவர்களுடைய கல்யாண வீடுகளில் வயலினோடும் கிற்றாரோடும் கஃப்ரிஞ்ஞா ஆட்டம் நடந்து வந்தது. நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு பாடிய தமிழ்ப் பொப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தோர் எம்மில் பலர். கல்முனைக்குத் தெற்கே இருக்கும் காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், பழந்தமிழரின் தந்திக் கருவியான யாழைப் பல வருடங்கள் ஆராய்ந்து எழுதிய ‘யாழ்நூல்’ 1947 இல் வெளிவந்தது. சங்க காலத்தில் பாணரோடு பாடினியும் விறலியும் ஊரூராகச் சென்றார்கள். இசையும் பெண்ணும் எமக்குப் புதிதல்ல.

வயதைப் பற்றிக் கேட்போருக்கு இலிசபெத் கொட்டன் என்ற கறுப்பினப் பெண்ணின் கதையைச் சொல்வேன். சிறுவயதில் வீட்டுவேலை செய்து உழைத்த காசில் கிற்றார் வாங்கியவர் அவர். இடதுகைப் பழக்கம் உள்ளவர் என்பதால் கிற்றாரைத் தலைகீழாகப் பிடித்துத் தானே பழகினார். கல்யாணத்தின் பின், தேவாலயத்தில் “இது ஆகாது” என்று சொல்லப்பட்டதால் விட்டுவிட்டார். பல தசாப்தங்களின் பின் இசைக் குடும்பம் ஒன்றில் வீட்டுவேலைக்குப் போனவர், அங்கே சுவரில் தொங்கிய கிற்றாரை எடுத்து வாசித்தார். விரல்கள் மறந்திருக்கவில்லை. 1958 இல், அறுபதைத் தாண்டிய வயதில், அவரது முதல் இசைத்தட்டு வந்தது. 1985 இல் கிராமி விருது பெற்றபோது தொண்ணூறைத் தொட்டிருந்தார்.

ஊர் வாயும் கண்ணீரும்

“அண்ணனைப் பறிகொடுத்தவள் பாட்டுப் படிக்கப் போறாளாம்” என்று ஊர் சொல்லும். கணவனை இழந்த பெண் சிரித்தாலே குற்றம் காணும் சமூகம் இது. துக்கத்தை முகத்தில் எழுதி வைத்திருந்தால்தான் அது உண்மையான துக்கம் என்று நம்பவைக்கப்பட்டிருக்கிறோம். ஆனால் எமது மூதாட்டிகள் ஒப்பாரியில் செய்ததும் துக்கத்தைப் பாட்டாக்கியதுதானே? பாடுவதால் யாரும் மறக்கப்படுவதில்லை.

முஸ்லிம் சகோதரிகளிடையே இசைக்கருவி குறித்து வெவ்வேறு மார்க்கக் கருத்துகள் உண்டு. சேர்வதா இல்லையா என்பது அவரவர் மனச்சாட்சிக்குரியது. யாரும் வற்புறுத்தக்கூடாது, யாரும் ஏளனம் செய்யவும் கூடாது.

இசை சில வேளைகளில் அடைத்து வைத்ததைத் திறந்துவிடும். ஒரு பாட்டைக் கேட்டதும் அழுகை வரலாம், மூச்சு முட்டலாம். எழுந்து வெளியே போய் இருக்கலாம் என்ற அனுமதி முகாமில் எல்லோருக்கும் இருக்க வேண்டும். ‘ஏன் அழுகிறாய்’ என்று துருவக்கூடாது. இசை மனதுக்குத் துணை, ஆனால் சிகிச்சை அல்ல. நித்திரையின்மை, பயக்கனவு, உயிர்வாழ வெறுப்பு என்பன தொடர்ந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ ஆற்றுப்படுத்துநரையோ நாட வேண்டும்.

எமது ஊரில் செய்வதென்றால்

பெரிய செலவு தேவையில்லை. மாதர் சங்கக் கட்டடம் ஒன்று, இரவல் வாங்கிய நான்கு கிற்றார், ஒன்றை இருவர் மாறி மாறி வாசிக்க எட்டுப் பெண்கள், மூன்று நாட்கள் போதும். கூடுமானால் பெண் ஆசிரியை. கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை பயின்ற பெண்கள் எமது பகுதியிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். பிள்ளைகளைப் பார்க்க ஒருவர், பொழுதுபட முன் வீடு சேரும் நேரம், அனுமதியில்லாமல் படமோ வீடியோவோ எடுப்பதில்லை என்ற உறுதி. இவை இல்லாவிட்டால் பெண்கள் வரமாட்டார்கள்.

அந்த அக்காவிடம் இவை எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் கிற்றாரைச் சீலையோடு தூக்கிக்கொண்டு வந்தார். கம்பிகள் துருவேறிக் கிடந்தன, ஒன்று அறுந்திருந்தது. மரத்தில் வெடிப்பு இல்லை. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை. வயதான அம்மா ஒருவர் மட்டும், “உன்ட அண்ணன் கோயில் திருவிழாவில வாசிச்சவன், எனக்கு ஞாபகம் இருக்கு” என்றார். அண்ணனின் பெயரை வேறொருவர் வாயால் கேட்டு எத்தனை வருடம் என்று அக்கா சொன்னார்.

இப்போது புதுக் கம்பி போட்டாயிற்று. ஈ மைனர் பிடிக்கிறார். இரண்டு விரல்கள்தான். வளைகின்றன.