கொஞ்ச தூரம் நடந்தாலே ஏன் மூச்சு வாங்குகிறது?



நம் தெருவில் சில பெரியவர்கள் நாலு வீடு தள்ளிப் போவதற்குள் ரெண்டு தடவை நிற்பார்கள். "எல்லாம் சோம்பேறித்தனம்" என்று சிலர் சொல்வார்கள். ஆனால் இதயச் செயலிழப்பு என்ற நோய் இருந்தால் அப்படித்தான் ஆகும். அது ஏன் என்று பார்ப்போமா?

இதயம் நின்னுபோச்சா?

இல்லை! பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இதயம் துடிக்கிறது, ஆனால் தேவையான அளவு ரத்தத்தை அனுப்ப முடியவில்லை. மாரடைப்பு வந்தவர்களுக்கும், ரொம்ப வருஷமா ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும், இதய வால்வு பழுதானவர்களுக்கும் இது வரலாம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இதயத் தசை பலவீனமாகிச் சரியாகச் சுருங்காது. மற்றொன்று, தசை விறைத்துப் போய் இதயம் சரியாக நிரம்பாது.

நடந்தால் என்ன ஆகிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் அனுப்புகிறது. வேகமாக ஓடினால் அது 20 லிட்டர் வரைகூடப் போகும். விளையாட்டுப் பீரியட் முடிஞ்சதும் உங்கள் நாடியைப் பிடித்துப் பாருங்கள், புரியும்.

கிணத்து மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் குறைஞ்சா பக்கத்து வயலுக்குத் தண்ணி பாயும், கடைசி வயலுக்குப் போகாது. அதேமாதிரி பலவீனமான இதயம் உட்கார்ந்திருந்தால் சமாளிக்கும். நடந்தால் கால் தசை கேட்கும் ரத்தத்தைக் கொடுக்க முடியாது. உடனே கால் அசந்து போகும்.

இன்னொன்றும் நடக்கிறது. முன்னால் போகாத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்குகிறது. நீர் கசிந்து மூச்சு முட்டுகிறது. சிலருக்கு மல்லாந்து படுத்தாலே முட்டும். காலிலும் நீர் கோத்து வீங்கும்.

இதயம் மட்டும் காரணம் இல்லை

எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான். நோய் வந்தபிறகு கை கால் தசைகளும் மெலிந்துவிடுகின்றன. வந்த ஆக்சிஜனைக்கூட அவை சரியாகப் பயன்படுத்துவதில்லை. மூச்சு வாங்குதேன்னு படுத்தே கிடந்தால் தசை இன்னும் மெலியும். அப்புறம் இன்னும் சீக்கிரம் களைப்பு வரும்.

எங்க அப்பத்தாவுக்கும் இந்த நோய் இருக்கு. ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் எல்லோரும், "அசையாம படுங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று சொன்னோம். ஒரு மாசத்தில் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்கவே முடியவில்லை. "நான் எல்லாருக்கும் பாரமாயிட்டேன்"னு அழுதாங்க. அடுத்த தடவை பார்த்தபோது டாக்டர், "தினமும் கொஞ்சம் நடக்கணும், அதுவும் மருந்துதான்" என்றார். இப்போது சாயங்காலம் நான்தான் கூட்டிட்டுப் போறேன். முதலில் வாசல் வரைக்கும் போனோம். இப்போ வேப்பமரம் வரைக்கும் போறோம். நடுவில் உட்கார ஒரு முக்காலியும் எடுத்துட்டுப் போவேன்.

முன்காலத்தில் இந்த நோயாளிகளுக்கு முழு ஓய்வுதான் சொன்னார்கள். 2009இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 2,331 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். முறையான உடற்பயிற்சி அவர்களுக்குப் பாதுகாப்பானது என்று அதில் தெரிந்தது.

நாம் செய்ய வேண்டியவை

1. டாக்டரைக் கேட்ட பிறகே நடக்க வைக்க வேண்டும்.
2. பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அந்த வேகம் சரி. பேச்சு திணறினால் உட்கார வையுங்கள்.
3. நெஞ்சு வலி, மயக்கம், திடீர் மூச்சுத்திணறல் வந்தால் 108க்குப் போன் செய்யுங்கள்.
4. மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் எடை கூடினால் அது நீராக இருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள்.
5. ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். உப்பு நீரைத் தேக்கும்.
6. மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

வழியில் யாராவது மூச்சு வாங்கி நின்றால் கேலி செய்யாதீர்கள். உட்கார இடம் கொடுங்கள். கையைப் பிடித்து மெதுவாகக் கூட நடங்கள்.



— 9ஆம் வகுப்பு மாணவி